கரிசல் வகுப்பறைக்கு ஓர் இணையதளம்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கவியரங்கமும் நூல் திறனாய்வும் நிகழ்ந்துவரும் மேடையில், பள்ளி வகுப்பறைக்கு இணையதளம் அமைப்பது பற்றிய உரைக்கு என்ன வேலை என்று அவையோரிற் சிலர் வியக்கக்கூடும். வியப்பு இயல்பானதே. கணினி என்றவுடன் வேலைவாய்ப்பும் வணிகமும் நினைவுக்கு வருவதுபோல் கவிதை நினைவுக்கு வருவதில்லை. ஆயினும் தமிழ் இணையத்தில் காலடி வைத்த கதையைச் சற்றே திரும்பிப் பார்த்தால், அங்கே முன்வரிசையில் நிற்பது வணிகமன்று, கவிதை. அதனைக் கைப்பிடித்து அழைத்துச் சென்றவர்களுள் முதன்மையானவர் ஓர் ஆசிரியர். சிறுகதை எழுத்தாளரும் ஆவார்.

முதலில் ஏறியது கவிதை

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு கிடைக்கத் தொடங்கியது 1995 ஆகஸ்டு 15 அன்று. அதே ஆண்டு அக்டோபரில் சிங்கப்பூரில் ஒரு நிகழ்வு நடந்தேறியது. 1984 முதல் 1995 வரையிலான சிங்கப்பூர்க் கவிதைகளின் தொகுப்பு ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் ஆகிய நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏற்றப்பட்டது. அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் ஓங் டெங் சியோங் அதனைத் தொடங்கிவைத்தார். தமிழ் எழுத்து இணையத்தில் தோன்றிய முதல் நிகழ்வுகளுள் ஒன்றாக அது போற்றப்படுகிறது. அத்தொகுப்பின் தமிழ்ப் பகுதி திரையில் தெரிவதற்கு அரும்பாடுபட்டவர் நா. கோவிந்தசாமி. ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் கல்விக் கழகத்தில் விரிவுரையாளராக இருந்தவர், சிறுகதைகள் எழுதியவர். தாமே முயன்று கணினி கற்று, பல்கலைக்கழக அறிஞர்களோடு கைகோத்து, தமிழுக்கென எழுத்துருவும் மென்பொருளும் உருவாக்கினார். 1999இல் அவர் காலமானார். கவிஞரும் ஆசிரியரும் கணினிக்கு அயலார் என்னும் எண்ணம் சரியன்று என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

அதன்பின் வந்த ஆண்டுகளும் தன்னார்வலர்களின் ஆண்டுகளே. 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த அறிவியலறிஞர் கு. கல்யாணசுந்தரத்தின் முயற்சியால் மதுரைத் திட்டம் தொடங்கிற்று. உலகின் பல மூலைகளில் இருந்த தமிழர், ஊதியம் எதுவும் பெறாமல், பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதி இலவசமாக வழங்கினர். ஈழத்தில் 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்ட துயரை அவையோர் அறிவர். எழுத்து அழிந்தால் என்னவாகும் என்று கண்டுகொண்ட அம்மண்ணின் இளைஞர் 2005இல் 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகத்தைத் தொடங்கினர். அங்கே பேரிலக்கியங்கள் மட்டுமன்றிச் சிற்றிதழ்களும் நினைவு மலர்களும் பாடசாலை மலர்களும் இடம் பெற்றுள்ளன. ஒரு பள்ளியின் ஆண்டு மலரும் ஒரு சமுதாயத்தின் ஆவணமே என்று அவர்கள் கருதினர். இவ்வுரை சொல்ல வருவதும் அத்தன்மையதே.

கொத்தனார் இல்லாத வீடு

உலகளாவிய வலை என்பது 1991இல் வெளியுலகுக்கு வந்தது. டிம் பெர்னர்ஸ் லீ அதனை ஆக்கினார். 1993 ஏப்ரலில் செர்ன் ஆய்வு நிறுவனம் அதனை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என அறிவித்தது. அன்று ஒரு பக்கம் அமைக்க வேண்டுமானால் எச்.டி.எம்.எல். என்னும் குறிமொழியைக் கற்றாக வேண்டும். எது தலைப்பு, எது பத்தி, எங்கே படம், எங்கிருந்து எங்கே இணைப்பு என்பனவற்றை ஒவ்வொன்றாகக் குறியிட்டுச் சொல்லவேண்டும். அச்சுக் கோப்பவர் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கியதற்கு ஒப்பான வேலை அது.

அவ்வேலையை மறைத்து, வெற்றிடத்தில் எழுதவும் படத்தை இழுத்து வைக்கவும் இடந்தரும் எளிய கருவிகள் பின்னர் வந்தன. அவற்றுள் முன்னோடியான ஜியோசிட்டீஸ் 1994இல் தொடங்கிற்று. கணினிப் பயிற்சியற்றோரும் அங்கே இலவசமாக மனை பெற்று வீடு கட்டலாம். தெருக்களுக்கும் பேட்டைகளுக்கும் பெயர் சூட்டியிருந்தார்கள். கல்விக்கும் இலக்கியத்திற்கும் உரிய பேட்டையின் பெயர் ஏதென்ஸ். பின்னர் வேர்டுபிரஸ், விக்ஸ், வீப்லி எனப் பல வந்தன. 2008இல் கூகுள் சைட்ஸ் வந்தது. கட்டணமில்லாமையாலும் ஆசிரியர் பலர் ஏற்கெனவே வைத்திருக்கும் மின்னஞ்சற் கணக்கே போதுமானமையாலும் பள்ளிகளுக்கு இசைந்ததாக அது விளங்குகிறது.

அதன் செயல்முறை வியப்பூட்டும் அளவுக்கு எளிது. தளத்திற்கு ஒரு பெயர், மேலே ஒரு தலைப்புப் பட்டை, கீழே எழுதுவதற்குப் பெட்டிகள், படத்திற்கு இடம். புதுப் பக்கம் வேண்டுமென்றால் ஒரு பொத்தானை அழுத்தவேண்டும்; அதன் பெயர் தானாகவே முகப்பின் பட்டியலிற் சேர்ந்துகொள்ளும். பாட்டியின் கதையைக் கைப்பேசியிற் பதிவு செய்து, கோப்பாக ஏற்றி, பக்கத்திலேயே ஒலிக்கச் செய்யலாம். எழுதியவை உடனுக்குடன் சேமிக்கப்படும். ஆயினும் 'வெளியிடு' என்னும் பொத்தானை அழுத்தும்வரை அவை கைப்படியாகவே இருக்கும். வெளியிடும்போதும், எல்லாரும் பார்க்கலாமா, குறித்த சிலர் மட்டும் பார்க்கலாமா என்பதை ஆசிரியரே முடிவு செய்யலாம். கையெழுத்துப் பத்திரிகை நடத்திய பழக்கம் உடையோர்க்கு இதில் புதியது எதுவுமில்லை. கைப்படி, மெய்ப்பு, பிரதி, சுற்று என்ற அதே நான்கு படிகள்தாம்.

அடிப்படையான ஓர் எச்சரிக்கை உண்டு. பழைய அச்சக எழுத்துருக்களில் தட்டெழுதிய தமிழை அப்படியே எடுத்து ஒட்டினால், தளத்தில் தமிழ் தெரியாது. புரியாத குறிகளே தெரியும். 1990களில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு குறியீட்டு முறை வைத்திருந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாடு விசைப்பலகையையும் குறியீடுகளையும் ஒழுங்குபடுத்த முனைந்தது. ஒருங்குறி என்னும் உலகப் பொதுக் குறியீட்டில் 1991 முதலே தமிழுக்கு இடம் இருந்தபோதிலும், தமிழக அரசு அதனை ஏற்று ஆணையிட்டது 2010இல்தான். வகுப்பறைத் தளத்தில் ஏறும் ஒவ்வொரு சொல்லும் ஒருங்குறியில் இருத்தல் இன்றியமையாதது. இல்லையேல் தேடுவோர் கண்ணுக்கு அச்சொல் அகப்படாது. பத்தாண்டு கழித்துத் திறப்போர்க்கும் பயன்படாது. கைப்பேசியில் தட்டெழுதும் பிள்ளைகள் அறியாமலே ஒருங்குறியில்தான் எழுதுகின்றனர். இடர்ப்பாடு பெரும்பாலும் பெரியவர்களுடையது.

வீடு கட்டக் கொத்தனார் வேண்டாம் என்றாகிவிட்டது. ஆனால் வீட்டில் குடியிருக்கப்போவது யார்? இதுவே இவ்வட்டத்திற்குரிய வினா.

சிவப்பு மையும் கரிசற் சொல்லும்

பெரும்பாலான பள்ளித் தளங்களைத் திறந்து பார்த்தால் கட்டடத்தின் படமும், தேர்ச்சி விழுக்காடும், விழாவில் பொன்னாடை போர்த்தும் காட்சியுமே உள்ளன. பாடக்குறிப்பும் வினாத்தாளும் சிலவற்றில் உண்டு. அவை பயனற்றவை அல்ல. ஆயினும் பாடம் தருவதற்கு வேறு வழிகள் பெருகிவிட்டன. தமிழகப் பாடநூல்களில் 2018 முதல் விரைவுக் குறியீடுகள் அச்சிடப்படுகின்றன. கல்வித் தொலைக்காட்சி 2019இல் தொடங்கிற்று. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் வந்துள்ளன. சென்னையிலிருந்து கோவில்பட்டிக்குப் பாடம் வந்து சேரப் பல பாதைகள் அமைந்துவிட்டன. கோவில்பட்டியிலிருந்து வெளியுலகுக்கு ஒரு பிள்ளையின் சொல் போய்ச் சேரும் பாதைதான் இன்னும் செப்பனிடப்படவில்லை. வகுப்பறைத் தளம் ஆற்றக்கூடிய பணி அதுவே.

கரிசல் வகுப்பறையில் நெடுங்காலமாக நிகழ்ந்துவரும் ஒரு சிறு நிகழ்ச்சியை ஆசிரியர் பலரும் அறிவர். பிள்ளை தன் கட்டுரையில் 'குலுக்கை' என்று எழுதுகிறாள். சிவப்பு மை அதனைச் சுழித்துக் 'களஞ்சியம்' என்று திருத்துகிறது. 'பருத்திமார்' என்று எழுதினால் 'பருத்திச் செடி' ஆகிறது. திருத்தியவர் தீங்கு நினைத்தாரல்லர். தேர்வு மதிப்பெண்ணையே நினைத்தார். ஆனால் பிள்ளை கற்றுக்கொண்டது வேறு. தன் வீட்டில் பேசுவது எழுதத் தகாதது என்பதே அவள் கற்ற பாடம். அன்று முதல் அவள் இரண்டு மொழிகளோடு வாழ்கிறாள்: வீட்டுக்கொன்று, ஏட்டுக்கொன்று. ஏட்டு மொழி அவளுக்கு முழுமையாக வந்து சேர்வதற்கு முன்னரே வீட்டு மொழி கைநழுவிப் போகிறது.

இந்த மண்ணின் எழுத்தாளர்கள் இச்சிவப்பு மையை எதிர்த்து எழுதி வென்றவர்கள் என்பது நாடறிந்த செய்தி. கோவில்பட்டிக்கு அருகேயுள்ள இடைசெவல் என்னும் ஒரே சிற்றூர் கி. ராஜநாராயணனையும் கு. அழகிரிசாமியையும் தந்தது. உயர்கல்வி பெறாத கி.ரா., வட்டாரச் சொற்களைத் தொகுத்துக் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியை 1982இல் வெளியிட்டார். வட்டார வழக்குக்கெனத் தமிழில் எழுந்த முன்னோடி அகராதி அது. உழவரிடமும் தச்சரிடமும் பெண்களிடமும் இருந்த சொற்கள் அதில் ஏறின. 'கோபல்லபுரத்து மக்கள்' புதினத்திற்காக 1991இல் சாகித்திய அகாதெமி விருது அவரை நாடி வந்தது. பின்னர் பூமணிக்கு 2014இலும் சோ. தர்மனுக்கு 2019இலும் அதே விருது கிடைத்தது. எந்தப் பேச்சைக் கொச்சை என்று வகுப்பறை ஒதுக்கியதோ, அந்தப் பேச்சையே நாட்டின் உயரிய இலக்கிய அமைப்பு முடிசூட்டியது.

2021 மே மாதம் கி.ரா. மறைந்தார். அவர் படித்த இடைசெவல் பள்ளியைப் பழைமை மாறாமல் புதுப்பிக்கவும், கோவில்பட்டியில் நினைவரங்கம் அமைக்கவும் அரசு முன்வந்தது. நினைவரங்கம் 2022 டிசம்பரில் திறக்கப்பட்டது. சிலையும் அரங்கமும் வேண்டியவையே. அவற்றைவிட உயிர்ப்புள்ள நினைவுச் சின்னம் ஒன்று உண்டு: அவர் செய்த வேலையை இன்றைய பிள்ளைகள் தொடர்ந்து செய்வது. அகராதி வெளிவந்து 40 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. கமலை நின்று மின்மோட்டார் வந்தது. கமலையோடு சேர்ந்திருந்த சொற்கள் ஊர்க் கிழவர் நாவோடு போய்க்கொண்டிருக்கின்றன. கம்பும் குதிரைவாலியும் விளைந்த நிலங்களில் மக்காச்சோளம் விளைகிறது. பயிர் மாறும்போது சொல்லும் மாறுகிறது. மாறுவதைத் தடுக்க இயலாது. குறித்து வைக்க இயலும்.

ஒரு வகுப்பு, ஐந்து பக்கங்கள்

கரிசற் காட்டுச் சிற்றூர் ஒன்றின் ஏழாம் வகுப்பு எனக் கொள்க. பிள்ளைகள் முப்பதின்மர், ஆசிரியர் ஒருவர், பள்ளியில் ஒன்றிரண்டு கணினிகள். தளத்திற்கு ஐந்து பக்கங்கள் போதும்.

முதற்பக்கம் ஊர். ஊருக்குப் பெயர் வந்த கதையும், கண்மாயும் ஊருணியும் நிற்கும் திசையும், மழை வரும் பருவமும் அதில் இருக்கும்.

இரண்டாம் பக்கம் சொல். வாரத்திற்கு ஒரு பிள்ளை ஒரு சொல் கொண்டுவரவேண்டும். சொல், அதன் பொருள், அது வழங்கும் ஒரு வாக்கியம், சொல்லித் தந்தவர் உறவு முறை ஆகிய நான்கு செய்திகள் கட்டாயம். காட்டாக ஒரு பதிவு: "குலுக்கை. தானியம் சேர்த்து வைக்கும் உயரமான மண்கூடு. அடியில் சிறு வாய் இருக்கும்; அதைத் திறந்தால் கம்பு கொட்டும். 'குலுக்கை நிறைஞ்சா வீடு நிறைஞ்ச மாதிரி.' சொன்னவர்: அம்மாச்சி." இவ்வாறு எழுதும் பிள்ளைக்கு இலக்கணமும் வருகிறது, அம்மாச்சியின் மீது மதிப்பும் வருகிறது. வாக்கியத்தைப் பேச்சு வழக்கிலும் பொருளைப் பொதுத்தமிழிலும் எழுதுவதால், இரு வழக்குகளுக்கும் உரிய இடம் எது என்பதும் தானாக விளங்கிவிடுகிறது. தேர்வுத் தாளில் எது எழுதவேண்டும் என்ற ஆசிரியரின் கவலையும் தீர்கிறது.

மூன்றாம் பக்கம் தொழில். வெள்ளாமை, ஆடு வளர்ப்பு, தீப்பெட்டி ஆபீஸ், கடலைமிட்டாய்க் கடை என வீட்டார் செய்யும் தொழில்களைப் பிள்ளைகள் கேட்டு எழுதலாம். கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்ததை எல்லாரும் அறிவர். பாகின் பதம் பார்க்கும் கைக்குத் தெரிந்ததை எழுதி வைத்தவர் எத்தனை பேர்? 1901 முதல் கோவில்பட்டியில் இயங்கிவரும் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் மானாவாரிப் பயிர்களை ஆய்கிறது. அங்கே சென்று கேட்டு வந்ததையும், தாத்தா சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு எழுதினால் அதுவே அறிவியல் பாடம்.

நான்காம் பக்கம் பாட்டும் கதையும். ஒலிப்பதிவுகள் இங்கே இருக்கும். ஐந்தாம் பக்கம் பிள்ளைகளின் சொந்த எழுத்து.

இதற்குரிய உழைப்பு கணினியில் மிகுதியில்லை. கேட்பதிலும் எழுதுவதிலும் திருத்தி எழுதுவதிலுமே இருக்கிறது. வாரத்தில் மூன்று நாள் குறிப்பேட்டில் நடக்கும் வேலைக்கு ஒரு நாளில் அரைமணி நேரம் கணினி போதும். குறிப்பேட்டில் எழுதினால் படிப்பவர் ஆசிரியர் ஒருவரே. அவரும் பிழை காண்பதற்காகப் படிக்கிறார். தளத்தில் எழுதினால், திருப்பூருக்கு வேலைக்குப் போன மாமா படிக்கிறார். சென்னையிலிருக்கும் சித்தி படிக்கிறார். அவர்கள் செய்தி அறிவதற்காகப் படிக்கிறார்கள். தன் எழுத்தை ஒருவர் செய்திக்காகப் படிக்கிறார் என்று அறிந்த பிள்ளை, 'இது அவருக்குப் புரியுமா?' என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்ளத் தொடங்குகிறாள். எழுத்தாளர் பிறக்கும் இடம் அவ்வினாவே என்பதைக் கவிஞர்க்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அழகிரிசாமி கி.ரா.வுக்கு எழுதிய கடிதங்கள் இன்று நூலாகக் கிடைக்கின்றன. படிக்கும் ஒருவரை மனத்திலிருத்தி எழுதுவது எத்தகைய பயிற்சி என்பதை அவற்றிற் காணலாம்.

காக்க வேண்டியவை

எளிமை ஒரு வரம். அதுவே ஓர் ஆபத்துமாகும். அழுத்தினால் வெளியாகிவிடும் என்பதால், அழுத்துமுன் எண்ணவேண்டியவை உண்டு.

முதலாவது, பிள்ளையின் மானம். தொழிற் பக்கத்திற்கு ஒரு சிறுமி தன் தாய் தீப்பெட்டி ஆபீசுக்குப் போவதையும், வாரக் கூலியையும், கடைக்காரரிடம் உள்ள கடனையும் எழுதிவிடுகிறாள் எனக் கொள்க. உண்மையான எழுத்து, வகுப்பிலேயே சிறந்த எழுத்தாகவும் இருக்கலாம். அவ்வெழுத்தும் அவள் பெயரும் படமும் ஊரும் ஒரே பக்கத்தில் நின்றால், அது உலகம் அழியுமட்டும் அவளைத் தொடரக்கூடும். அவள் வளர்ந்து, அதனை நீக்க விரும்பும் நாள் வரலாம். ஆகவே முழுப்பெயர் வேண்டா. முகம் தெரியும் படம் வேண்டா. முகவரியும் தொலைபேசி எண்ணும் எக்காரணம் கொண்டும் வேண்டா. கையும் கருவியும் நிலமும் படத்தில் இருந்தாற் போதும். 2023இல் நாடாளுமன்றம் இயற்றிய எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதாரைச் சிறாராகக் கொண்டு, அவர்தம் தரவைக் கையாளப் பெற்றோர் ஒப்புதலை வேண்டுகிறது. சட்டம் இல்லாதிருந்தாலும் முறை அதுவே. பெற்றோரைப் பள்ளிக்கு அழைத்து, தளத்தைத் திரையில் காட்டி, படித்துச் சொல்லி, அதன்பின் ஒப்புதல் பெறவேண்டும். பாட்டுப் பாடிய கிழவியிடமும் கேட்கவேண்டும். எழுதத் தெரியாதவர் என்பதால் அவர் பாட்டு உரிமையற்ற பொருளாகிவிடாது.

மேற்கூறிய சிறுமியின் கட்டுரையை என்ன செய்வது? வெளியிடாமலே வகுப்பில் படிக்கலாம். அவளே விரும்பினால், கூலியும் கடனும் நீங்க, தாயின் விரல்கள் பெட்டி ஒட்டும் வேகத்தைப் பற்றிய பகுதியை மட்டும் ஏற்றலாம். எதை வெளியிடுவது, எதைத் தன்னிடம் வைத்துக்கொள்வது என்று தெரிந்துகொள்வதும் எழுத்துப் பயிற்சியே.

இரண்டாவது, நிலையாமை. இலவச மனையில் கட்டிய வீடு கட்டியவருக்குச் சொந்தமன்று. ஜியோசிட்டீஸை 1999இல் யாகூ நிறுவனம் வாங்கிற்று. 2009 அக்டோபரில் அமெரிக்கத் தளம் மூடப்பட்டது. ஏதென்ஸ் பேட்டையும் அதிலிருந்த கவிதைகளும் ஒருசேர மறைந்தன. ஆர்வலர் சிலர் இரவு பகலாக முயன்று படியெடுத்தவை மட்டுமே எஞ்சின. வகுப்பறைத் தளங்களுக்கென்றே பெயர்பெற்றிருந்த விக்கிஸ்பேசஸ் 2005இல் தோன்றி 2018இல் மூடப்பட்டது. கூகுள் சைட்ஸின் பழைய வடிவமும் அவ்வாறே. 2016இல் புதிய வடிவம் வந்தது. மாறிக்கொள்ள அவகாசம் தரப்பட்டது. அவகாசம் முடிந்தபின் பழையது பார்வைக்கு இல்லாமற் போயிற்று. இன்று நடப்பிலுள்ளது நாளையும் இருக்கும் என்று எவரும் உறுதி கூறவில்லை. ஆசிரியர் இடமாற்றம் பெற்றுச் செல்வதும் உண்டு. கணக்கின் கடவுச்சொல் அவரோடு போய்விடுவதும் உண்டு. ஆதலால் தளத்தைப் பள்ளியின் பெயரிலான கணக்கில் அமைத்து, இருவர் பொறுப்பில் வைத்தல் வேண்டும். ஆண்டிறுதியில் தளம் முழுவதையும் படியெடுத்துப் பள்ளிக் கணினியிலும் வேறோரிடத்திலும் சேமித்தல் வேண்டும். அனைத்திற்கும் மேலாக, தாளில் அச்சிட்டுத் தைத்து நூலகத்தில் ஒரு படி வைத்தல் வேண்டும்.

மூன்றாவது, இரவல் எழுத்து. பக்கம் நிரம்பவேண்டும் என்னும் அவசரத்தில் எங்கிருந்தோ எடுத்து ஒட்டும் பழக்கம் எளிதில் தொற்றிக்கொள்ளும். அழகாகத் தோன்றும் அயலார் கட்டுரையைவிட, தட்டுத் தடுமாறி எழுதிய ஐந்து வரி மேல் என்பதை முதல் நாளிலேயே பிள்ளைகளுக்கு உணர்த்தவேண்டும். கி.ரா.வின் அகராதியிலிருந்து சொற்களை எடுத்து நிரப்புவதுகூட முறையாகாது. வீட்டில் கேட்டு வந்த சொல்லை அவ்வகராதியில் தேடிப் பார்க்கலாம். இருந்தால் மகிழ்ச்சி, இல்லாவிட்டால் அதனினும் மகிழ்ச்சி.

நான்காவது, படிப்போரின் வசதி. கரிசற் சிற்றூர்களில் தளம் திறக்கப்படுவது பெரும்பாலும் கைப்பேசியில்தான். பெருந்தொற்றுக் காலமான 2020இல் ஒரே கைப்பேசியை அண்ணனும் தங்கையும் முறை வைத்துப் பயன்படுத்திய வீடுகள் பல. படங்களைச் சிறிதாக்கி ஏற்றினால் பக்கம் விரைந்து திறக்கும், தரவும் மிஞ்சும். ஒவ்வொரு படத்தின் கீழும் அது என்ன என்று ஒரு வரி எழுதினால், கண் பார்வையற்றோர் தம் கருவியின் வழியே கேட்டறியலாம்.

வட்டத்தார் செய்யத் தக்கவை

இவற்றில் இலக்கிய வட்டத்திற்கு என்ன பங்கு? பங்கு பெரிது. ஆசிரியர்க்குக் கருவி கிடைத்துவிட்டது, துணைதான் கிடைக்கவில்லை. வட்டத்தின் உறுப்பினர் ஒருவர் ஒரு பள்ளியைத் தத்தெடுத்துக்கொண்டு, மாதம் ஒருமுறை சென்று, பிள்ளைகள் கொண்டுவந்த சொற்களைக் கேட்டு, மெய்ப்புப் பார்த்துக் கொடுக்கலாம். மெய்ப்புப் பார்க்கும்போது ஒன்றை மட்டும் மறவாதிருத்தல் வேண்டும்: எழுத்துப்பிழை திருத்தத் தக்கது, வழக்குச் சொல் திருத்தத் தக்கதன்று. இவ்விரண்டுக்கும் வேறுபாடு அறிந்தவர் கவிஞரே. ஊர்ப் பெரியவர்களை வகுப்பறைக்கு அழைத்து வந்து பேசவைக்கலாம். கவியரங்கின் இறுதியில் பத்து நிமிடம் ஒதுக்கி, அம்மாதத்துப் பிள்ளை எழுத்தில் ஒன்றை வாசிக்கலாம். அடுத்த மலர் வெளிவரும்போது நான்கு பக்கங்களை வகுப்பறைத் தளங்களிலிருந்து தேர்ந்தெடுத்த சொற்களுக்கும் கதைகளுக்கும் தரலாம். தளம் மறைந்தாலும் மலர் இருக்கும். மலர் எட்டாத ஊருக்குத் தளம் எட்டும்.

இவ்வேலையில் கவிஞர்க்கும் ஆதாயம் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. சொல் வற்றிய கவிதை பற்றி இம்மேடையில் எழும் கவலை புதியதன்று. ஏழாம் வகுப்புச் சிறுமி தன் அம்மாச்சியிடம் கேட்டு வந்த சொல், நகரத்துக் கவிஞர் ஒருவரின் அடுத்த கவிதைக்கு விதையாகக்கூடும். அன்று அச்சிறுமியும் தன் சொல் எங்கே போய் முளைத்தது என்று அறிந்துகொள்ளட்டும். அவள் நோட்டில் விழுந்த சிவப்பு மைக்கு அதைவிடச் சிறந்த மறுமொழி கிடையாது.

கரிசல் உழவர் முன்பருவ விதைப்பு என்று ஒரு முறை வைத்திருக்கின்றனர். மழை பெய்தபின் ஏர் பூட்டினால், ஈரம் கண்ட கரிசல் காலைப் பற்றிக்கொள்ளும், பருவம் தவறிவிடும். ஆதலால் பருவமழைக்கு முன்னரே, காய்ந்த மண்ணில், விதையைப் பக்குவப்படுத்தி விதைத்துவிடுகின்றனர். மழை வரும் என்னும் நம்பிக்கையே அதற்கு முதல். சொல்லைச் சேர்க்கும் வேலையும் அத்தகையதே. கணினிகள் எல்லாப் பள்ளிக்கும் வந்தபின் தொடங்கலாம், ஓய்வு கிடைத்தபின் தொடங்கலாம் என்று காத்திருந்தால், சொல்லித் தரவேண்டிய கிழவியர் இருக்கமாட்டார்கள். ஓர் ஆசிரியர், ஒரு கைப்பேசி, ஒரு சொல். இவ்வளவு போதும் இவ்வாரம் தொடங்குவதற்கு.

பத்தாண்டு நிறைவெய்திய இவ்வட்டம் பதினோராம் ஆண்டில் ஒரு வகுப்பறையின் கதவைத் தட்டுமாக.